அடைத்து வைத்த பொந்து

எங்கள் வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் அக்கா இறங்கவில்லை. அவள் மடியில் கேமரா பை இருந்தது. மதுரையிலிருந்து வரும் வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் கணவர் சுற்றி வந்து கதவைத் திறந்து, கைக்குழந்தையை வாங்குவதுபோல அந்தப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மரத்துப்போன கால்களை உதறிக்கொண்டு அக்கா தானாகவே இறங்கினாள். ஏழு வருடங்களுக்கு முன், சித்திரை முதல் நாளும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்த விடுமுறை அது.

அவரை எனக்கு முன்பே பிடிக்காது. அக்கா ஒரு வாக்கியத்தை முடித்து நான் கேட்டதில்லை. பாதியில் அவர் வாங்கி முடித்துவிடுவார். நான் அன்னவாசலில் பள்ளி ஆசிரியை. தினமும் காலையில் கண்மாய்க்கரையில் பைனாகுலரோடு அரை மணி நேரம் நின்றுவிட்டுத்தான் பள்ளிக்குப் போவேன். கண்ட பறவைகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். யாரும் கேட்காத, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம் அது. ஒருமுறை இதைப் பார்த்துவிட்டுப் போனவர், அடுத்த வருடமே முழங்கை நீள லென்ஸ் வைத்த கேமரா வாங்கினார். அதன்பின் எனக்கே பறவைகளின் பெயர் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பாதிக்கு மேல் தப்பாகத்தான் சொல்வார்.

ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை நன்றாகவே போனது. அவர் மத்தியானம் தூங்கிவிட்டதால் அக்காவும் நானும் மின்விசிறிக்கு அடியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு சாயங்காலம் வரை பேசினோம். அவள் வாக்கியங்களை முடித்தாள். பழைய கணக்கு வாத்தியாரைப்போல நடித்துக் காட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு மனசு இளகிவிட்டது. காபி குடிக்க எழுந்து வந்தவரிடம் நானாகவே சொன்னேன்: "அத்தான், வாங்க, ஒரு எடம் காட்டுறேன்."

கண்மாய்க்கு அப்பால் மண் அள்ளிய பள்ளம் ஒன்று உண்டு. அதன் செம்மண் சரிவில் பச்சைப் பஞ்சுருட்டான் ஜோடி ஒன்று பொந்து தோண்டியிருந்தது. கிளிப்பச்சை உடம்பும் ஊசி நீட்டிய வாலுமாகச் சிறிய பறவை. அலகால் கொத்திக் காலால் மண்ணைத் தள்ளி, கை நீளத்துக்கு உள்ளே போகும் வளையை அவை இரண்டும் தோண்டியதை நான் மூன்று வாரம் பார்த்திருக்கிறேன். இப்போது உள்ளே குஞ்சுகள். வேலிக் கம்பியில் உட்கார்ந்து தட்டான் பிடித்து, நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. "இதுக்கு மேல கிட்ட போகாதீங்க அத்தான்" என்று ஒரு கல்லைக் காட்டினேன். சரி என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை விடியும்போதே அவர் தனியாகப் போய்விட்டார். வெயில் ஏறிய பிறகு விசிலடித்துக்கொண்டு வந்தார். அன்று பிற்பகல் எல்லோரும் சித்தன்னவாசல் போனோம். படியேறும்போதுகூட அவருக்குப் பாட்டுத்தான்.

ஞாயிறு மத்தியானம், கோழிக்குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தேன். இடது கையால் கேமராவை என் முன் நீட்டி, "பாருங்க டீச்சர்" என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார், கேலியாக. படத்தில் பஞ்சுருட்டான் பொந்துக்கு நேராக அந்தரத்தில் நின்றது. சிறகு இரண்டும் விரிந்து, வெயில் அதில் ஊடுருவி, அலகில் தட்டான். அழகான படம்தான். ஆனால் அந்தப் பறவை அப்படி நிற்காது. பறந்து வந்த வேகத்திலேயே உள்ளே நுழைந்துவிடும்.

"எப்படி அத்தான் இது அந்தரத்துல நின்னுச்சு?"

"அதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு. பொந்துல ஒரு மண்கட்டிய வச்சு அடைச்சுட்டா, உள்ள போக முடியாம அங்கனயே பறந்துக்கிட்டு நிக்கும். எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம்."

"திரும்ப எடுத்துட்டீங்களா?"

அவர் எலும்பைக் கடித்துக்கொண்டே யோசித்தார். "எடுத்திருப்பேன்."

"எடுத்திருப்பேன்னா?"

"அட, அதுவே தள்ளிக்கிட்டுப் போயிருக்கும். ஒக்காந்து சாப்புடுங்க."

கரண்டியைப் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அவர் வைத்தது வெறும் மண்கட்டி இல்லை. கல்லைச் செருகி, தண்ணீர் ஊற்றிக் குழைத்த மண்ணைச் சுற்றிலும் பூசியிருந்தார். ஒரு பகல் வெயிலில் அது செங்கல்லாக இறுகியிருந்தது. அதைச் சுற்றி அலகால் கொத்திய தடங்கள். வண்டிச் சாவியால் குத்திக் குத்தி எடுத்தேன். உள்ளே சத்தம் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். எறும்புகள்தான் வெளியே வந்தன.

தள்ளிப்போய் நின்றேன். தாயோ தகப்பனோ, வேலியில் இருந்த ஒன்று தட்டானோடு உள்ளே போனது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தது. தட்டான் அப்படியே அலகில் இருந்தது. மறுபடியும் உள்ளே போனது. மறுபடியும் அதோடு வந்தது. நான்கு தடவை எண்ணினேன். அதற்குமேல் பார்க்க என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் சோபாவில் சாய்ந்து படங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். "அத்தான், நீங்க கெளம்புங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "எல்லாம் செத்துப்போச்சு. என் வீட்ல நீங்க இருக்க வேணாம். கெளம்புங்க."

"ஒரு குருவிக்காகவாடி?" என்று அக்கா ஓடிவந்தாள். அவர் சிரித்தார். "டீச்சர், இந்தக் கோழி எங்கேருந்து வந்துச்சாம்?" என்று அடுப்படியைக் காட்டினார். அந்தக் கேள்வி நியாயம்தான். அதற்காக என் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. என் கணவர் அவர்களுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்தார். அக்கா அழுதுகொண்டே ஏறினாள். கேமரா பை மறுபடி அவள் மடிக்கு வந்தது.

அந்தப் படத்துக்கு எங்கோ பரிசு கிடைத்தது. பெரிதாக்கி அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்களாம், கீழே 'தாய்மை' என்று எழுதி. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பறவைகளைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுகிறாராம். நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவர்கள் பெண்ணின் கல்யாணத்தில்கூட மண்டபத்துக்குப் போய் அட்சதை போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அக்காவோடு பேச்சு போனில் மட்டும். அதுவும் சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்பதோடு சரி.

போன மாதம் அக்கா தனியாக பஸ்ஸில் வந்தாள். சாயங்காலம் கண்மாய்க்கரையில் நடந்தோம். அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இப்போதெல்லாம் கேமராவைத் தொடுவதில்லை என்றாள்.

"விட்ருடி. வயசாயிருச்சு அவருக்கு."

"ஒரு வார்த்தை கேட்டாராக்கா, தப்புத்தான்னு?"

அக்கா நின்றாள். "ஒனக்கு ஏன் கோவம்னே அவருக்கு ஞாபகம் இல்லடி. ஏதோ சாப்பாட்டுல சண்டைன்னு சொல்றாரு."

நான் நடந்தேன். பின்னாலேயே வந்தவள், பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டாள்: "அந்தப் பச்சக் குருவி இப்ப எங்கிட்டுடி கூடு கட்டுது?"

எங்களுக்கு வலப்பக்கம், இருபதடி தூரத்தில், பனையடிச் சரிவில் புதுப் பொந்து ஒன்று இருந்தது. என் கூடப்பிறந்தவள், என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பல்லாம் வாரதில்லக்கா" என்றேன்.