லேசான மட்டை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேயிலைத் தோட்டத்தில் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்த இந்தக் கையால்தான் கண்டியில் விளையாட்டுச் சாமான் கடை போட்டேன், மேல்மாடி கட்டினேன், மட்டையால் பந்தடித்து ஆடும் அம்பிட்டிய பிக்கிள்போல் மைதானத்துக்குச் சீமெந்தும் கொடுத்தேன்.

அங்கே விளையாட மட்டை வேண்டுமென்று ஒருநாள் கடைக்கு வந்தார் ஓர் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர். ஒல்லியான மனிதர். எதற்கும் பதில் சொல்லுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

“பாரமான மட்டை தாங்கோ. நான் ஓங்கி அடிக்கிற ஆள்.”

கடைச் சுவரில் பந்தைத் தட்டச் சொல்லிப் பார்த்தேன். வேலையெல்லாம் மணிக்கட்டில்தான் நடந்தது. கவ்வாத்து வெட்டியவனுக்கு அது தெரியாதா?

“சார், நீங்க வலைக்கிட்ட நின்னு பந்தை மெல்லத் தட்டி எதிராளியை ஏமாத்துற ஆளு. லேசானதை எடுங்க.”

சிரித்தபடி வாங்கிப் போனார். முதியோர் போட்டியில் கிண்ணமும் வென்றார். மேடையில் மட்டையைப் பற்றிக் கேட்டார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “இன்டர்நெட்டில படிச்சுத் தெரிவு செய்தனான்” என்றார். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் மறித்து, “ஏன் சார் பொய் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“கடைக்காரர் சொல்லித் தந்தவர் எண்டு சபையில சொல்ல ஏலுமே, ஐயா?” என்றார், மிகவும் மரியாதையாக.

இன்றும் அந்த மட்டையால்தான் ஆடுகிறார். அழகாகவே ஆடுகிறார். அவ்வளவு நல்ல ஆட்டக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்ல ஏன் கூச்சம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. பிக்கிள்போல் சங்கத்து அலுமாரியில் இருக்கும் கிண்ணத்தில் அவர் பெயருக்குக் கீழே இடமிருக்கிறது. சங்கத்தாரே, மட்டை தெரிந்தெடுத்துக் கொடுத்தவன் என்று என் பெயரையும் அதில் பொறியுங்கள்.