நம்பர் போடாத நன்கொடை

தையல் மிஷின் மெக்கானிக் ஒருவர் இணையத்தில் ஒரு மன்றம் நடத்துகிறார். மிஷின் பழுதென்று யார் கேட்டாலும் மெக்கானிக்குகள் அங்கே இலவசமாகப் பதில் சொல்வார்கள். சர்வர் வாடகை மட்டும் அவருடைய கைக்காசு. இந்த வருடம் அது கையைக் கடித்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் மன்றம் மூடிவிடும். கூச்சத்தை விட்டு, காலையில் மன்றத்திலேயே நன்கொடை கேட்டு எழுதினார். மதியம்வரை ஒரு பைசா வரவில்லை.

மனைவி போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "நாப்பது பதில் வந்திருக்கு. படிக்கலையா?"

"பயமா இருந்துச்சு."

"கேளுங்க. 'மாடல் நம்பர் போடலன்னா எங்கள விரட்டுவியே, உன் அக்கவுண்ட் நம்பர் எங்கய்யா?'"

அவசரமாக நம்பரைச் சேர்த்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு வருட வாடகை வந்துவிட்டது. பழுது தீர்ந்தால் கேள்விக்கு மேலே 'ஓடுது' என்று எழுதுவது அந்த மன்றத்து வழக்கம். தன் கேள்விக்கு மேலேயும் எழுதினார், கொட்டை எழுத்தில்.