மேட்டு நிலத்தில் ஏரி நத்தை

இன்று அயனம்பாக்கத்தில் அப்பாவோடு மனை பார்க்கப் போனேன். பிடித்தால் இன்றே முன்பணம் கொடுத்துவிடுவதாக இருந்தார். அவருடைய மொத்தச் சேமிப்பே அதுதான்.

மண் எவ்வளவு கெட்டி என்று காட்ட, புரோக்கரே இடுப்பளவு குழி வெட்டி வைத்திருந்தார். "காலங்காலமா மேட்டு நெலம்மா இது. சொட்டுத் தண்ணி நிக்காது."

நான் தொல்லியல் படித்தவள். எந்தக் குழியைக் கண்டாலும் அதன் சுவரைத்தான் பார்ப்பேன்.

மேலே கட்டட இடிபாடு. கீழே கன்னங்கரிய களிமண், அதில் பொடிப்பொடியாக நத்தை ஓடுகள். அது ஏரி படிய வைத்த மண். இரண்டுக்கும் நடுவே ஒரு பிஸ்கட் உறை.

புதியவர்களிடம் எனக்குப் பேச வராது. ஆனாலும் கேட்டுவிட்டேன். "காலங்காலமா இருக்கிற மண்ணுக்கு அடியில பிஸ்கட் கவர் எப்படிண்ணா வந்துச்சு?"

"எலி இஸ்துகினு போயிருக்கும்மா."

அப்பா குனிந்து பார்த்தார். "அந்த எலிதான் நத்தையையும் இட்டுகினு வந்துச்சா நைனா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"படிச்ச பொண்ண இட்டாந்தா ஒரு ஏவாரமும் ஆவாது" என்று பின்னால் புலம்பல் கேட்டது. என் பட்டத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு.

ஏரியை மூடத் தெரிந்தவருக்கு, அதைத் தோண்டிக் காட்டக் கூடாது என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?