கிள்ளானில் அக்கா சொன்ன வார்த்தை

கோலாலம்பூர் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது உள்ளூர் நேரம் மாலை நான்கரை. திருச்சியில் காலை ஒன்பதே காலுக்கு ஏறிய விமானம். பறந்தது நான்கு மணி நேரம்தான். மீதியில் இரண்டரை மணி நேரத்தைக் கடிகாரம் விழுங்கிவிட்டது.

மணியம் அத்தான் காருடன் நின்றிருந்தார். என் அக்கா கோமதியின் கணவர். முப்பது வருஷத்துக்கு மேல் கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்துவிட்டு, "செண்பகம், கென்சிங் போறதுன்னா இங்கேயே போயிட்டு வந்துரும்மா. கிள்ளானுக்கு அறுபது கிலோமீட்டர். நடுவுல ஜாம் ஆச்சுன்னா கஷ்டம்லா," என்றார்.

அந்த மலாய்ச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் அவர் கை கழிப்பறைப் பக்கம் நீண்டதில் பொருள் விளங்கிவிட்டது. "வேண்டாம் அத்தான்," என்றேன். உண்மையில் வேண்டியிருந்தது. வழியெல்லாம் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைப் பார்த்தபடி, கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தேன்.

நான் பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளியொன்றில் இருபத்தாறு வருஷமாக உயிரியல் நடத்துகிறவள். சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்து பாகம் குறிப்பேன். வகுப்பில் அந்தச் சொற்கள் தடையில்லாமல் வரும். அத்தானிடம் "ஆமாம், போகணும்" என்ற இரண்டு சொல் வரவில்லை.

வளர்ப்பு அப்படி. எங்கள் வீட்டில் தம்பி "அம்மா, ஒண்ணுக்கு" என்று கத்திக்கொண்டே ஓடுவான், எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையைப் பெண் பார்க்க ஆட்கள் வந்திருந்த ஒரு நாள், எட்டு வயசு கோமதி அக்கா அதே வார்த்தையைச் சொன்னாள். அம்மா சிரித்த முகத்தோடு அவளை அடுக்களைக்குள் கூட்டிப்போய்த் தொடையில் கிள்ளினாள். கன்றிப்போன இடத்தை அக்கா எனக்குக் காட்டினாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் "பின்னால போயிட்டு வரேன்" என்போம். வயசுக்கு வந்த பிறகு அதுவும் நின்றுபோய், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவோம்.

கிள்ளானில் அக்கா வாசலில் நின்றாள். ஆறு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். கட்டிக்கொள்ளப் போனேன், அவள் அரை அடி தள்ளி நின்று என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழரை மணி. ஊர் சுற்றிக் காட்ட வருவாள் என்று நினைத்திருந்த அக்கா, "எனக்கு முட்டி வலிக்குது. நீ தர்ஷினியோட போயிட்டு வா," என்றாள். தர்ஷினி அவளுடைய மகள், இருபத்தெட்டு வயசு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. கிள்ளான் நிலையத்திலிருந்து கோமுட்டர் ரயிலில் ஏறி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம். பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருந்தது. ஏசிக் குளிர் எலும்பில் இறங்கியது.

தர்ஷினி அலுவலகம் போய்விட, நான் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் நடந்தேன். பூக்கடைகள், பாத்திரக்கடைகள், ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு, அதை எல்லாம் தாண்டித் தலைக்கு மேலே ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில். தேநீர் இரண்டு ரிங்கிட் இருபது சென். தேநீர் குடித்தால் என்ன ஆகும் என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. ஒரு துணிக்கடைக்குள் போய் வேலை செய்யும் பெண்ணிடம், "இங்க... முகம் கழுவ இடம் இருக்காம்மா?" என்றேன். அவள் கடைக்கு வெளியே இருந்த கைகழுவும் குழாயைக் காட்டினாள். நன்றி சொல்லி, உண்மையாகவே முகத்தைக் கழுவிக்கொண்டு, இன்னும் நானூறு அடி நடந்து ஒரு வணிக வளாகத்தில் "தண்டாஸ்" என்ற கழிப்பறைப் பலகையைக் கண்டுபிடித்தேன். வாசலில் கட்டணம் ஐம்பது சென்.

மதியம் தர்ஷினியிடம் சொன்னபோது வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவே சிரித்தாள்.

"டாய்லெட்னு கேக்க வேண்டியதுதானே சித்தி."

"நீ எப்படிக் கேப்ப?"

"நானா? ஃபிரண்ட்ஸ்கிட்ட 'நீட் டு பீ'ன்னுவேன். மலாய்க்காரங்ககிட்ட மலாய்ல. தமிழ்ல..." அவள் அப்பளத்தை நொறுக்கியபடி யோசித்தாள். "தமிழ்ல வரமாட்டேங்குது. சின்ன வயசுல அம்மா 'சூச்சூ'ன்னு சொல்லிக் குடுத்தாங்க. பெரியவளானப்புறம் அதுக்கு மேல எதுவும் சொல்லிக் குடுக்கல. தமிழ்ல பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை இருக்கு, ஆம்பளைங்களுக்கு ஒண்ணு இருக்கு, டாக்டருக்கு ஒண்ணு இருக்கு. வளந்த பொம்பளைக்கு இல்ல."

பாடம் நடத்துகிறவளுக்கு இந்தப் பாடம் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வந்ததும் அவள் குரல் மாறியது. "சித்தி, அம்மாகிட்ட நீங்க பேசுங்க. மூணு வருஷமா எங்கேயும் வர்றதில்ல. கோயிலுக்கு வர்றதில்ல, கல்யாணத்துக்கு வர்றதில்ல. அப்பா ரூம்லகூடப் படுக்கறதில்ல. என் ரூமுக்கு வந்துட்டாங்க. கேட்டா முட்டிங்கறாங்க, தலைசுத்துதுங்கறாங்க. மனசு சரியில்லையோன்னு பயமா இருக்கு."

மூன்றாம் நாள் காலை பத்து மணி. அத்தான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார், தர்ஷினி வேலைக்கு. அக்கா துணி காயப்போட, நான் எடுத்துக் கொடுத்தேன். கொடியில் பெரிய துண்டுகளை முதலில் போட்டு, அவற்றுக்குப் பின்னால் தெருவுக்குத் தெரியாதபடி சின்னத் துணிகளைப் போட்டாள். பழைய சேலையை நான்காக மடித்துத் தைத்த துணிகள். பதினொன்று இருந்தன. அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. மாதத்துணி நின்று எட்டு வருஷம் ஆகியிருக்கும்.

"இது என்னக்கா?"

"அடுப்படித் துணி."

"அக்கா."

அவள் காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "தும்முனா வந்துருதுட்டீ. இருமுனா வந்துருது. வெயிட்டா எதையும் தூக்க முடியல. எந்திரிச்சுப் போறதுக்குள்ள..."

"எது வந்துருது?" என்று கேட்டேன். தெரிந்தும் கேட்டேன்; அவள் வாயால் வரட்டும் என்று.

"அதான்."

"சிறுநீரா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "சிறுநீராம்! வாத்திச்சி மாதிரியே கேக்கா பாரு..." சிரிப்பு பாதியிலேயே நின்றது. முகம் மாறி, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் அந்த வாளியின் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். முதல் நாள் அவள் என்னை ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்பது அப்போது விளங்கியது. வாடை வந்துவிடுமோ என்ற பயம்.

உடை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தவள் மிச்சத்தையும் சொன்னாள். இரண்டு முறை டாக்டரிடம் போயிருக்கிறாள். இரண்டு முறையும் தமிழ் பேசும் டாக்டராகத் தேடிப் போயிருக்கிறாள். "அதுதான் தப்பாப் போச்சு. தங்கமான பையன், 'சொல்லுங்க ஆன்டி, என்ன செய்யுது'ன்னு கேட்டான். நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. அவன்கிட்ட எப்படிட்டீ சொல்ல? முதுகு வலின்னேன். அடுத்த தடவ முட்டின்னேன். தைலமும் மாத்திரையும் குடுத்தான்."

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு, முட்டியைக் காட்டப் போகிறோம் என்று அத்தானிடம் சொல்லி, கிள்ளானில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். பெண் டாக்டர் வேண்டும் என்று நான் முன்பே கேட்டு வைத்திருந்தேன். அத்தான் எங்களை இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்தார். டாக்டர் மலாய்க்காரப் பெண், தலையில் வெளிர்நீல முக்காடு, முப்பத்தைந்து வயசு இருக்கும். அக்கா பேசாமல் இருந்தால் நான் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. அக்கா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் மலாயில் ஏதோ கேட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

அக்கா என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"சாயா தா போலே தாஹான் கென்சிங், டோக்டோர்," என்றாள்.

எனக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான். அத்தானின் சொல். லோரிக்காரர்கள் சாலையோரத்தில் ஒருவருக்கொருவர் கூப்பிட்டுச் சொல்லும் சொல். 'என்னால் அடக்க முடியவில்லை' என்று பொருளாம்; அதை வைத்து என் அக்கா முழுசாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டாள்.

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. அதே விஷயத்தை "புவாங் ஆயேர் கெச்சில்" என்று மரியாதையான மலாயில் திருப்பிச் சொல்லிக் கேள்விகள் கேட்டார். பின்னால் அக்கா அதன் பொருளைச் சொன்னாள்: சிறிய நீரைக் கழிப்பது. நம் பாடப்புத்தகச் சொல்லேதான். எத்தனை வருஷமாக, எத்தனை பிரசவம், சர்க்கரை உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை தேநீர். அக்கா எல்லாவற்றுக்கும் மலாயிலேயே பதில் சொன்னாள்.

இது பிரசவம் கண்ட பெண்கள் பலருக்கும் வருவது, வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பரிசோதனைக்கு எழுதினார். அடிவயிற்றின் கீழ்த்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, மூன்று மாதம் விடாமல் செய்யச் சொன்னார். குணமாகாவிட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதாகச் சொன்னார். கட்டணம் எழுபது ரிங்கிட்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எங்கிட்டச் சொல்ல முடியல, அவங்ககிட்ட எப்படிக்கா சொன்ன?"

"மலாய்ல சொன்னதுக்கு என்னை யாரும் கிள்ளலயே," என்றாள்.

காரில் ஏறியதும் அத்தான் கேட்டார். "முட்டிக்கு என்னா சொன்னாங்க?"

அக்கா முன் இருக்கையில் இருந்தாள். நான் பின்னால். அவள் பின்கழுத்து விறைத்ததைப் பார்த்தேன்.

"முட்டி இல்லங்க. எனக்கு கென்சிங் நிக்கறதில்ல. மூணு வருஷமா."

அத்தான் என்ஜினை நிறுத்தினார். எதிரே ஒருவர் கடைக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்ததையே பார்த்தார்.

"அதுக்குத்தான் ரூம் மாத்திக்கிட்டியா?"

"ம்."

"ரிட்டயர் ஆகி வீட்டுலயே கெடக்கறேன், என்னைப் பாக்கப் புடிக்கலன்னு நெனச்சேன் கோமதி. பாசார்ல போயி சும்மா ரெண்டு மணி நேரம் நிப்பேன், உனக்குத் தொந்தரவா இருக்க வேணாம்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? நீங்க எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டே சொல்ற ஆளு. நீங்க சிரிச்சிருந்தா நான் செத்துருப்பேன்."

அவர் மறுக்கவில்லை. தான் சிரித்திருக்கவும் கூடும் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். சற்று நேரம் கழித்து, "எனக்கும் ராத்திரி நாலு தடவ எந்திரிக்க வேண்டியிருக்கு. ஒழுங்கா வர்றதும் இல்ல. நானும்தான் யார்கிட்டயும் சொல்லல," என்றார்.

இது எனக்குப் புதிது. ஆண்களுக்கு வார்த்தை இருக்கிறது, நமக்குத்தான் இல்லை என்று மூன்று நாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு இருந்தது வேடிக்கைக்கான வார்த்தை. வலிக்கு அது உதவவில்லை. அக்கா கதவைத் திறந்து இறங்கி, "வாங்க, உங்களுக்கும் பேரு குடுத்துட்டு வருவோம்," என்றாள். இருவரும் சேர்ந்து கிளினிக்குக்குள் போனார்கள். நான் காரைக் காவல் காத்தேன்.

ஒன்பதாம் நாள் ஊர் திரும்பினேன். அதற்குள் குணம் ஒன்றும் தெரியவில்லை. பயிற்சி தொடங்கி ஐந்து நாள்தான். துணிகள் அதே பதினொன்று. ஆனால் துண்டுகளுக்குப் பின்னால் இல்லாமல் வெயில் படும் இடத்தில் காய்ந்தன. விமான நிலையத்தில் அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவளை விடவில்லை.

விமானத்தில் ஊரை நினைத்தேன். எங்கள் பள்ளியில் எழுநூறு பெண் பிள்ளைகள். பாடவேளையில் கையை உயர்த்தி "மிஸ்" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நாங்களும் தலையை ஆட்டி அனுப்புவோம். சிலர் கையை உயர்த்துவதே இல்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, மாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். அதை ஒழுக்கம் என்று நானே பாராட்டியிருக்கிறேன். வேற்று மொழியிலிருந்து வார்த்தையை இரவல் வாங்கிச் சொல்லும்படி ஒருத்தியை விட்டது எங்கள் அம்மா மட்டும் இல்லை என்று தோன்றியது.

நான்கு மாதம் கழித்து அக்காவிடமிருந்து குரல் பதிவு வந்தது. துணி பதினொன்றிலிருந்து மூன்றாகிவிட்டதாம். அத்தான் மருந்து சாப்பிடுகிறாராம், பழையபடி ஒரே அறையாம். போன வாரம் ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குத் தனி பஸ் பிடித்துப் போயிருக்கிறார்கள். இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.

"பாதி வழியில முடியல. எந்திரிச்சு முன்னால போயி, 'வண்டிய நிறுத்துங்கண்ணே, எனக்கு ஒண்ணுக்கு வருது'ன்னேன். தமிழ்லதான்ட்டீ. நல்லா சத்தமா. டிரைவர் உடனே ஓரங்கட்டுனாரு. திரும்பிப் பாக்கேன், என் பின்னாலயே பாதி பஸ் இறங்குது. அம்புட்டும் பொம்பளைங்க."