மாடு வேண்டாம், மாடு வேண்டும்

புக்கிட் மெர்தாஜாமில் நான் கணக்கு எழுதும் கல் குவாரிக்குப் பின்னால், கல் எடுத்து முடித்த இடத்தில் புல் படர்ந்து கிடந்தது. என் அண்ணனின் மாடுகள் அங்கேதான் மேயும். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் வீட்டுப் பிள்ளையாருக்கு நானும் அங்கேதான் அருகம்புல் பறிப்பேன். கடல் பாலம் தாண்டி ஆயர் ஈத்தாமில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது பாதி வாடியிருக்கும். பிள்ளையார் ஒன்றும் சொன்னதில்லை.

அந்தப் புல்லுக்கு இத்தனை பேர் உரிமை கொண்டாடுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. கல் எடுத்த இடத்தில் மரம் நட்டுக் காடாக்க வேண்டும் என்றார்கள் சிலர். பறவை பார்க்க வரும் ஒரு சீன அம்மா, மரம் வேண்டாம், தரையில் கூடு கட்டும் சின்னக் குருவி இங்கே இருக்கிறது என்றார். மாடும் வேண்டாமாம், முட்டையை மிதித்துவிடுமாம். முதலாளி எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, பாதி இடத்தில் மரக்கன்று நட்டார், மீதியைச் சுற்றி வேலி போட்டார். அண்ணனிடம் சொல்லும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது.

அண்ணன் சண்டை போடவில்லை. "குருவிக்கு வேணும்னா சரி லா. என் மாட்ட நான் எங்க மேய்க்கிறது?" என்று மட்டும் கேட்டார். குருவியும் பாவம், மாடும் பாவம். அவர் மாடுகளைத் தன் வீட்டுக்குப் பின்னால் கட்டி, எங்கெங்கோ புல் அறுத்து வந்து போட்டார்.

மழைக்காலம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை வேலிக்குள் போனேன். லாலாங் புல் இடுப்பளவு நின்றது. விலக்கி விலக்கித் தேடியும் ஒரு பிடி அருகம்புல் அகப்படவில்லை. அந்த அம்மாவும் அங்கே விழித்துக்கொண்டு நின்றார். குருவிகள் போய்விட்டனவாம். புல் குட்டையாக இருந்தால்தான் கூடு கட்டுமாம். குட்டையாக வைத்திருந்தவை மாடுகள்தானாம். எனக்குக் கோபம் வந்தது, அதை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மா, சில மாடுகளைத் திரும்ப விட முடியுமா என்று அண்ணனிடம் கேட்கச் சொன்னார்.

அங்கேயே நின்று போன் போட்டேன். அண்ணன் முழுக்கக் கேட்டார்.

"போன வாரமே எல்லாத்தயும் வித்துட்டேன். ஒரு பசு மட்டும் லேசுல லோரியில ஏறல. குவாரி வேலிப் பக்கமாவே இழுத்துச்சு" என்றார்.

என்ன சொன்னார் என்று அந்த அம்மா மலாயில் ஆவலாகக் கேட்டார். மாடு இல்லை என்று மட்டும் சொன்னேன்.