சம்பந்தி கொடுத்த விலை

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் விஜயகுமாரியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிகொண்டாவிலிருந்து பஸ் பிடித்து வந்து கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். சம்பளத்தில் சந்தேகம் என்றால் சூப்பர்வைசரை விட்டுவிட்டு அவரிடம்தான் போவார்கள். "சரியாத்தான் கீது, போ" என்று அவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அவர் புருஷன் பாண்டியன் அதே கம்பெனியில் கட்டிங் பிரிவில் தோல் வெட்டுகிறார். எனக்கு டிஸ்பாட்ச் வேலை, அக்காவுக்குப் பக்கத்து மேசை. அதனால் இந்தக் கண்றாவியெல்லாம் பார்க்கிற தலையெழுத்து எனக்கு.

வாலாஜாபேட்டையில் ஷூவுக்கு சோல் செய்யும் கம்பெனி ஒன்றில் எங்கள் கம்பெனிக்குப் பங்குகள் உண்டு. மார்ச் முடிந்தால் அவற்றின் நியாய மதிப்பைக் கணக்கில் காட்ட வேண்டும். பெரிய வார்த்தைதான், விஷயம் சின்னது. உறவும் நெருக்கடியும் இல்லாத வெளியாள் ஒருவன் இன்றைக்கு அந்தப் பங்குக்கு என்ன விலை கொடுப்பான், அவ்வளவுதான். சந்தையில் விற்கிற பங்கென்றால் செல்போனைத் தட்டினால் விலை வந்துவிடும். இது சந்தைக்கே வராத பங்கு. சோல் கம்பெனிக்கோ ஆர்டர் படுத்துவிட்டது. அதன் வரவு செலவை வைத்து அக்கா போட்ட மதிப்பில் பங்குக்கு நூறு ரூபாய்கூடத் தேறவில்லை.

முதலாளி வேதாசலத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. ஜனவரியில் வீரபாகு என்பவர் அவரிடமிருந்து அதே பங்கில் கொஞ்சத்தை, ஒன்று நானூறு ரூபாய் வீதம் வாங்கியிருந்தார்.

"அந்த விலையையே போட்டுடும்மா. மதிப்பு கம்மியாச்சுன்னா பேங்க்ல லோனை நிறுத்திடுவான். அப்புறம் நான் மொதல்ல மூடுறது கட்டிங்கைத்தான்" என்றார்.

வீரபாகு யார்? முதலாளியின் மகளைக் கட்டிய மாப்பிள்ளையைப் பெற்றவர். கல்யாணம் முடிந்த சூட்டில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் புதுச் சம்பந்தியிடம் யாரும் பேரம் பேச மாட்டார்கள், பேசினால் மரியாதை போய்விடும். அந்தக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். சென்னையிலிருந்து தணிக்கைக்கு வந்த கலையரசிக்கு மட்டும் தெரியாது.

அக்கா நானூறு என்றே போட்டுவைத்த கணக்கில் வீரபாகுவின் பேரைக் காட்டி, "மேடம், இவர் உங்க முதலாளிக்கு உறவா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

சட்டம் சொல்லும் உறவுப் பட்டியலில் மருமகன் உண்டு, மருமகனின் அப்பா கிடையாது. அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

"அந்த லிஸ்ட்ல வரமாட்டாரும்மா" என்றார்.

கலையரசி குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவள் போனதும், "இன்னாக்கா, நீயா இப்படி?" என்று கேட்டேவிட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசையாப்பா? கட்டிங்கை மூடிட்டா எங்க வீட்டுக்காரருக்கு இந்த வயசுல எவன் வேலை குடுப்பான், சொல்லு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

லோன் வந்தது. அந்தப் பணம் எங்கே போயிற்றோ, ஆவணி பிறந்ததும் கட்டிங் பிரிவை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். பாவிகள், அதோடாவது விட்டார்களா? செட்டில்மென்டில் பாதிதான் ரொக்கமாம். மீதிக்கு சோல் கம்பெனிப் பங்கு, ஒன்று நானூறு ரூபாய் வீதம், தணிக்கையான விலை. வேண்டாம் என்பவர்கள் பணம் வரும்வரை காத்திருக்கலாமாம்.

அக்காவிடம்கூட யாரும் சொல்லவில்லை. நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டுக் கட்டிங் பிரிவுக்கு ஓடினார், பின்னாலேயே நானும் ஓடினேன். உள்ளே ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். பாண்டியன் சிரித்த முகமாக எதிரே வந்தார்.

"இன்னா விஜயா, இப்படி மூச்சு வாங்குற? எல்லாம் முடிஞ்சுது. பசங்க பங்கு வேணாம், பணம் வர்ற வரைக்கும் இருக்கலாம்னுதான் நின்னானுங்க. நான்தான் பேசி சரி பண்ணேன். வெலை போட்டது எங்க வீட்ல, ஒரு பைசா தப்பு இருக்காதுன்னேன். அப்பவே எல்லாரும் கையெழுத்து போட்டாங்க. மொதல் கையெழுத்து என்னுது."

கூட்டத்திலிருந்து ஒருவர், "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றார்.