போத்தலில் வந்த கிணற்றுத் தண்ணீர்

கோப்பாயில் குளத்தங்கரைச் சனங்கள் மிரியத்தை ‘தண்ணி மிஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மானிப்பாய்க்காரி. ஆய்வுகூடத்தில் வேலை. மாதாமாதம் குளத்து நீரை எடுத்துச் சோதித்து, அதில் என்னென்ன நுண்பாசிகள் வாழ்கின்றன என்று பார்ப்பாள். நீலப்பச்சைப் பாசி பெருகிக் குளித்த பிள்ளைகளுக்குச் சொறி வந்தபோது, குளத்தில் இறங்க வேண்டாம் என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

குளத்தருகே வாகனம் கழுவும் இடத்திலிருந்து சவர்க்கார நீர் குளத்தில் இறங்கிப் பாசிக்கு உரமானது. அந்த இடம் அவளுடைய அண்ணன் ஜெபசீலனுடையது. தகப்பன் இறந்தபின் அவளைப் படிக்கவைத்தவர். அவள் போய்ச் சொன்னதும், குழி வெட்டி மறித்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில் ஸ்கூட்டி சறுக்கி மிரியத்தின் கணுக்கால் முறிந்தது.

“உந்தக் காலோடை எங்கை போகப்போறாய்? போத்தலைத் தா, நான் அள்ளிக்கொண்டு வாறன்” என்றார் அண்ணன்.

அவர் கொண்டுவந்த நீரில் பாதியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள். அழுக்கு நன்றாகக் குறைந்திருப்பதாக முடிவு வந்தது. பாசி பார்ப்பதற்கான மீதியில், பாசி கெடாமலிருக்க அயடீன் விட்டு, தான் வேலைக்குத் திரும்பும்வரை எடுத்துவைத்தாள். குளத்தங்கரையில் குடியிருக்கும் வசந்தினிக்குச் சந்தோசத்தோடு தொலைபேசியில் சொன்னாள்: “தண்ணி திருந்தியிட்டுது. பிள்ளையளை இறங்க விடுங்கோ.”

சில நாட்களில் வசந்தினி மகளோடு வந்து நின்றாள். பிள்ளையின் முதுகெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

“நீங்கள் சொன்னபடியாலைதான் மிஸ் விட்டனான்.”

மறுநாள் மிரியம் ஆட்டோ பிடித்து ஆய்வுகூடத்துக்குப் போனாள். எடுத்துவைத்த நீரை நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். ஒரு பாசிகூட இல்லை. வேறு துளி வைத்தாள். அதிலும் இல்லை. எவ்வளவு நல்ல குளமானாலும் பாசியே இல்லாமல் இராது. திரும்பும் வழியில் அண்ணனிடம் இறங்கினாள்.

“அண்ணை, அது உங்கடை கிணத்துத் தண்ணியோ?”

அவர் கையைத் துடைத்தபடி நின்றார். “ஓம். குளம் பழுதெண்டு நீ எழுதினால் என்ரை இடத்தைப் பூட்டிப்போடுவாங்கள்.”

“அப்ப குழி?”

“வெட்டேல்லை.”

“என்ரை வாயாலை சொல்லியெல்லோ அந்தப் பிள்ளை குளிச்சது!”

“சொறிதானே, மாறியிடும்.”

அவள் அழவில்லை. தன் கட்டிலருகே அவர் அந்தப் போத்தலை எவ்வளவு பக்குவமாக வைத்தார் என்பதுதான் திரும்பத் திரும்ப நெஞ்சை அறுத்தது.

ஊன்றுகோலோடு குளத்துக்குப் போய்த் தானே நீர் அள்ளினாள். கரும்பச்சையாக இருந்தது. அப்படியே வசந்தினி வீட்டுக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

வசந்தினி மகளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். பிறகு, “இனி நாங்கள் ஆரை நம்பிறது, மிஸ்?” என்றாள்.

மிரியம் சுகாதாரப் பகுதிக்கு உண்மையை எழுதிக்கொடுத்தாள். குழி கட்டும்வரை அண்ணனின் இடம் மூடப்பட்டது. தங்கை தன் பிழைப்பைக் கெடுத்துவிட்டாள் என்று அவர் சொந்தக்காரரிடம் சொல்லித் திரிகிறார். இந்த நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.